பழவேற்காடு ஏரியின் மாற்றங்களைச் செயற்கைக்கோள் படங்களால் கண்காணிக்கும் முறை

பழவேற்காடு ஏரியின் பரப்பளவைத் தேடினால் ஓரிடத்தில் 250 சதுர கிலோமீட்டர் என்றும் வேறோரிடத்தில் 460 சதுர கிலோமீட்டர் என்றும் காண்பீர்கள். இவற்றுள் எதையும் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமும் சராசரியாக ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட இந்த உப்பங்கழி, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு பரப்பிலும் மே மாத வெயிலில் வேறொரு பரப்பிலும் கிடக்கிறது. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்குவதையும் காற்று நீரை ஒருபுறம் தள்ளுவதையும் பொறுத்து ஒரே நாளுக்குள்ளேயே அதன் கரை நகர்கிறது. ஆகவே, இரண்டு ஆண்டுகளின் படங்களை அருகருகே வைத்து ஏரி சுருங்கிவிட்டது என்று அறிவிப்பது மிகவும் எளிது. அந்த அறிவிப்பைக் கேள்விக்கு உட்படுத்துவோர் முன்னால் நிலைநிறுத்துவது எளிதன்று. ஆண்டுதோறும் இயல்பாக நிகழும் ஏற்ற இறக்கத்தை முதலில் அளந்துவிட்டு, அதற்கு அப்பாற்பட்டு எது மாறியிருக்கிறது என்று பார்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கணினியில் ஓரளவு பழக்கமுள்ள கல்லூரி மாணவர், ஆசிரியர், கடலோர ஊர்களில் பணிபுரியும் தன்னார்வலர் ஆகியோர் பணச் செலவின்றிச் செய்யக்கூடிய வேலை இது.

ஏரியைப் பற்றிச் சில செய்திகள் வேலையைத் தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. தெற்கிலிருந்து ஆரணி ஆறும், மேற்கிலிருந்து காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதனூடே செல்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து அத்தீவுக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே மண் கொட்டி உயர்த்தப்பட்டது என்பதால், சாலைக்கு வடக்கே உள்ள நீரும் தெற்கே உள்ள நீரும் எளிதில் கலப்பதில்லை. வடபகுதி கோடையில் வறண்டு உப்புப் பூத்துவிடுகிறது. கடல்நீர் வந்துபோகும் வாய்களுள் மீனவர் வாழ்வை நேரடியாகத் தீர்மானிப்பது தென்கோடியில் பழவேற்காட்டை ஒட்டியுள்ள முகத்துவாரம். அது மணலால் அடைபட்டால் இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லாமல் போகிறது, படகுகளும் கடலுக்குச் செல்ல முடிவதில்லை.

கேள்வியைக் குறுக்குதல்

"ஏரி எப்படி மாறியிருக்கிறது" என்ற கேள்விக்கு எந்தப் படமும் விடை தராது. சாலைக்கு வடக்கே நீர் நிற்கும் மாதங்கள் குறைந்துள்ளனவா, முகத்துவாரம் எந்தெந்த ஆண்டுகளில் எத்தனை மாதம் அடைபட்டுக் கிடந்தது, ஏரியைச் சுற்றி இறால் குளங்கள் எப்போது எவ்வளவு பெருகின, கரையோரச் சேற்றுப்படுகையில் சீமைக் கருவேலம் பரவியுள்ளதா என்பவை போன்ற கேள்விகளே அளக்கத்தக்கவை. ஒவ்வொன்றுக்கும் வேறு படம், வேறு மாதம், வேறு குறியீடு (படத்தின் ஒளி அளவுகளிலிருந்து கணக்கிடும் எண்) தேவைப்படும். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏரிக்கரை மீனவர் ஒருவரிடம் கேட்டுக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. எந்தப் படகுத்துறையில் எப்போது மணல் ஏறியது, எந்தப் பாடு (மீன்பிடி இடம்) பயனற்றுப் போனது என்பதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நினைவை அரசு அலுவலகங்கள் ஏற்கும் சான்றாக மாற்றிக் கொடுப்பதுதான் இந்தப் படங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி.

எந்தச் செயற்கைக்கோள்

நீண்ட வரலாறு வேண்டுமெனில் அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசைதான் ஒரே வழி. அதன் முதல் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்டது. ஆனால் அக்காலப் படங்களில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச்சிறிய கட்டம், தரையில் ஏறத்தாழ 80 மீட்டரைக் குறிப்பதால் முகத்துவாரம் போன்ற குறுகிய இடங்களுக்கு அவை உதவா. 1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் பிக்சல் அளவு 30 மீட்டர். லேண்ட்சாட் 7-இன் வருடும் கருவியில் 2003 மே மாத இறுதியில் ஏற்பட்ட பழுதினால் அதற்குப் பிந்தைய படங்களில் கோடு கோடாக இடைவெளிகள் இருக்கும்; ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமற்போயிருக்கும். லேண்ட்சாட் 5 படமெடுப்பதை நிறுத்திய 2011-இன் பிற்பகுதிக்கும் லேண்ட்சாட் 8 வந்த 2013-க்கும் இடையே இந்தக் கோடு விழுந்த படங்களைத் தவிர இவ்வரிசையில் வேறு வழியில்லை. அந்த இடைவெளிக்கு இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் படங்கள் கைகொடுக்கும். தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் கிடைக்கும் அதன் லிஸ்-3 கருவி எடுத்த படங்களின் பிக்சல் அளவு 23.5 மீட்டர். 2011 ஏப்ரலில் ரிசோர்ஸ்சாட்-2 இந்த ஏரியின் கிழக்குக் கரையான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே விண்ணுக்குச் சென்றது என்பதை நினைக்கையில், அதன் படங்களை இந்த ஏரிக்காக இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்றே தோன்றுகிறது.

2015-க்குப் பிந்தைய மாற்றங்களுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 போதும். செயற்கைக்கோள் ஒவ்வொரு வகை ஒளியையும் தனித்தனிப் பட்டையாகப் பதிகிறது. பச்சை, சிவப்பு, நீலம், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு பட்டைகளும் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கின்றன. அதைவிட நீண்ட அலையுடைய குற்றலை அகச்சிவப்புப் பட்டைகள் 20 மீட்டர். 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோளும் சேர்ந்த பிறகு ஐந்து நாளுக்கு ஒரு படம் என்ற அடர்த்தி கிடைத்தது. மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொள்வதால் அந்த மாதங்களுக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட சென்டினல்-1 தேவைப்படும். அதன் தொகுப்பு 2014-இலிருந்து உள்ளது.

படங்களை வெறுமனே பார்வையிடக் கோப்பர்னிகஸ் பிரவுசர் ஏற்றது. லேண்ட்சாட் படங்களைத் தரவிறக்க அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் உள்ளது. நூற்றுக்கணக்கான படங்களை ஒருங்கே கையாள வேண்டுமெனில் கூகுள் எர்த் என்ஜின் தளத்தில், ஆய்வு மற்றும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். படங்கள் அங்கேயே இருப்பதால் உங்கள் இணைய வேகமும் கணினியின் திறனும் தடையாகா. எல்லைகளை வரையவும் வரைபடம் அமைக்கவும் கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் போதுமானது. எந்தக் கருவியில் செய்தாலும் எல்லா அடுக்குகளையும் ஒரே ஆள்கூற்று முறையில் வையுங்கள். இப்பகுதிக்கு உரியது மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு; மென்பொருளில் அதன் குறி எண் ஈபிஎஸ்ஜி 32644. அட்சரேகை தீர்க்கரேகைப் பாகையில் கிடக்கும் அடுக்கின் மீது பரப்பளவைக் கணக்கிட முயல்வது புதியவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம்.

படத்தின் எண்களைச் சீர்செய்தல்

வளிமண்டலத்தின் தாக்கம் நீக்கப்பட்டு, தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கைக் காட்டும், தரைப் பிரதிபலிப்பு எனப்படும் இரண்டாம் நிலைப் படங்களையே எடுங்கள். அவற்றிலும் இரண்டு கணக்குகளை மறக்கக்கூடாது. லேண்ட்சாட்டின் இரண்டாம் தொகுப்பில் உள்ள எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி, அதிலிருந்து 0.2-ஐக் கழித்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு மதிப்பு வரும். சென்டினல்-2 படங்களில் 2022 ஜனவரி 25 முதல் ஒவ்வொரு எண்ணுடனும் 1000 கூட்டப்பட்டுள்ளது. இதை அறியாமல் 2021-ஐயும் 2022-ஐயும் ஒப்பிடுவோருக்கு, ஏரியில் எதுவுமே நடக்காதபோதும் குறியீடு திடீரென மாறியதாகத் தோன்றும். எர்த் என்ஜினில் ஹார்மனைஸ்டு என்ற பெயருடன் உள்ள தொகுப்பில் இந்த வேறுபாடு ஏற்கெனவே நீக்கப்பட்டுள்ளது, அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது மேகத்தை நீக்குதல். படத்துடன் வரும் மேகக் கணிப்புப் பட்டை பெரும்பாலும் நம்பத்தக்கது என்றாலும், வெண்மணல் திட்டையும் உப்புப் பூத்த தரையையும் அது சில வேளைகளில் மேகம் என்று கருதி நீக்கிவிடுகிறது. பழவேற்காட்டில் நாம் காண விரும்பும் முகத்துவார மணல் திட்டும் வடபகுதி உப்புப் பரப்புமே இவ்வாறு மறைந்துபோகக்கூடும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அண்மை அகச்சிவப்பு, சிவப்பு, பச்சை ஆகிய மூன்றையும் முறையே சிவப்பு, பச்சை, நீலமாகக் காட்டும் போலி வண்ணப் படத்தில் செடிகொடிகள் செந்நிறமாகவும் நீர் கருமையாகவும் மணல் வெண்மையாகவும் தெரியும். மேகமென்றால் அருகில் அதன் நிழலும் விழுந்திருக்கும்.

நீரைப் பிரித்தெடுத்தல்

நீர் அண்மை அகச்சிவப்பு ஒளியை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. மணலும் செடியும் இதற்கு நேர்மாறாக அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. இந்த வேறுபாட்டைக் கொண்டு மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் 1996-இல் முன்வைத்த நீர்க் குறியீடுதான் இன்றும் அடிப்படை. பச்சைப் பட்டையின் மதிப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பின் மதிப்பைக் கழித்து, கிடைப்பதை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாகப் பச்சை 0.08, அண்மை அகச்சிவப்பு 0.03 என்றால் விடை ஏறத்தாழ 0.45, அது நீர். பச்சை 0.22, அண்மை அகச்சிவப்பு 0.34 என்றால் விடை ஏறத்தாழ −0.21, அது உலர்ந்த மணலாகவோ வெற்று நிலமாகவோ இருக்கும். பட்டை எண்கள் செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் மாறுவதைக் கவனியுங்கள்: சென்டினல்-2-இல் பச்சை 3, அண்மை அகச்சிவப்பு 8, லேண்ட்சாட் 8, 9-இல் 3, 5, லேண்ட்சாட் 5, 7-இல் 2, 4.

அண்மை அகச்சிவப்புக்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்தும் திருத்திய நீர்க் குறியீட்டை ஷூ என்பவர் 2006-இல் முன்வைத்தார். கட்டடங்கள் நிறைந்த இடங்களில் நீரைப் பிரிக்க அது மிகவும் ஏற்றது. ஆனால் சேறு நிறைந்த உப்பங்கழியில் அதற்கு ஒரு குறை உண்டு. ஈரச் சேறும் குற்றலை அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதால், நீர் வடிந்த படுகையையும் அது நீர் என்றே சொல்லும். பழவேற்காட்டில் பூநாரைகள் இரை தேடும் இடங்கள் இந்த வகைப் படுகைகளே. சில விரற்கடை ஆழ நீருக்கும் ஈரச் சேற்றுக்கும் உள்ள வேறுபாடு பறவைகளுக்கும் நண்டு பிடிப்பவர்களுக்கும் பெரியது. ஆகவே இரண்டு குறியீடுகளையும் கணக்கிட்டு, இரண்டும் நீர் என்று சொல்லும் பிக்சல்களை நீர் என்றும், திருத்திய குறியீடு மட்டும் நீர் என்று சொல்லும் பிக்சல்களை ஈரப்படுகை என்றும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஈரப்படுகையைத் தனி வகையாகக் கொள்ளாத வரைபடம் இந்த ஏரியின் பாதி வாழ்க்கையைக் காட்டத் தவறிவிடும்.

குறியீட்டின் எந்த மதிப்புக்கு மேல் நீர் என்று கொள்வது? பூச்சியம் என்று பல பாடநூல்கள் சொல்லும். கலங்கிய நீர் அண்மை அகச்சிவப்பையும் ஓரளவு திருப்பி அனுப்புவதால் வெள்ளக்காலத்தில் உண்மையான நீரும் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடலாம். கோடையில் இதற்கு நேர்மாறாக நடக்கலாம். மதிப்புகளின் பரவலைப் பார்த்து எல்லையைத் தானே கண்டறியும் ஒட்சு முறை எர்த் என்ஜினிலும் கியூஜிஐஎஸ் செருகுநிரல்களிலும் எளிதாகச் செய்யக்கூடியது. ஆனால் அது சரியாக இயங்க, தேர்ந்தெடுத்த பரப்பில் நீரும் நிலமும் ஏறத்தாழச் சம அளவில் இருக்க வேண்டும். கடலை உள்ளடக்கிய பெரிய சதுரத்தை வெட்டி எடுத்தால் கடலே எல்லையைத் தீர்மானித்துவிடும். ஏரியின் மிகப் பெரிய பரப்பைச் சுற்றி ஓரிரு கிலோமீட்டர் கூட்டி, கடலை விலக்கி, ஓர் எல்லைக்கோடு வரைந்து, அதே எல்லைக்கோட்டை எல்லா ஆண்டுகளுக்கும் பயன்படுத்துங்கள்.

பருவத்தை அளந்த பிறகே மாற்றத்தை அளத்தல்

இதுவே இந்த வேலையின் மையம். நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். ஒரு ஆண்டில் மேகமற்ற எல்லாப் படங்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீர்ப்பிக்சல்களைப் பிரித்து, ஒவ்வொரு பிக்சலும் அந்த ஆண்டின் எத்தனை விழுக்காடு படங்களில் நீராக இருந்தது என்று கணக்கிட வேண்டும். கிடைப்பது நீர் நிலைப்பு வரைபடம். அதில் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் பகுதி 90 விழுக்காட்டுக்கு மேலும், பருவத்தில் மட்டும் நீர் காணும் பகுதி இடைப்பட்ட மதிப்பிலும், அரிதாக வெள்ளம் ஏறும் பகுதி 10 விழுக்காட்டுக்குக் கீழும் தெரியும். ஏரியின் பரப்பளவு என்ற ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்கள் கிடைக்கின்றன, அவற்றுள் எது மாறுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. நிலையான நீர் குறைந்து பருவகால நீர் கூடினால் ஏரி மேடேறி வருகிறது என்று ஐயுறலாம். மூன்றும் ஒரே ஆண்டில் மட்டும் குறைந்து மறு ஆண்டு மீண்டால் அது மழை பொய்த்த ஆண்டாக இருக்கலாம்.

இங்கே ஒரு கண்ணியைத் தவிர்க்க வேண்டும். மேகமற்ற படங்கள் ஜனவரி முதல் மே வரை மிகுதியாகவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மிகக் குறைவாகவும் கிடைப்பதால், எல்லாப் படங்களையும் கலந்து சராசரி எடுத்தால் வறண்ட காலமே அதிகமாக எடையேறும். முதலில் மாதவாரியாகக் கணக்கிட்டு, பிறகு மாதங்களைச் சம எடையுடன் சேர்க்க வேண்டும். அதற்குப் போதிய படங்கள் இல்லாத பழைய ஆண்டுகளுக்கு, ஜனவரி–பிப்ரவரியில் ஒன்று, மே–ஜூனில் ஒன்று என இரண்டு பருவங்களுக்கு மட்டும் ஒப்பிடுவதே நேர்மையானது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் 1984 முதலான லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் இத்தகைய நீர் நிலைப்பு வரைபடத்தை உருவாக்கி, எர்த் என்ஜினில் வைத்துள்ளது. உங்கள் முடிவை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை.

ஓரிரு ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுவதாக இருந்தால், அவ்விரண்டும் இயல்பான மழை பெற்றவையா என்று பாருங்கள். சென்னையும் திருவள்ளூரும் வெள்ளத்தில் மூழ்கிய 2015 நவம்பர்–டிசம்பருக்குப் பின் வந்த ஜனவரியை அடிப்படையாகக் கொண்டால் அதற்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளும் வறட்சி போலத் தோன்றும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலுக்கு அடுத்த வாரங்களும் அவ்வாறே. ஐந்தாண்டுகளைச் சேர்த்து ஒரு தொகுதி, பிந்தைய ஐந்தாண்டுகளைச் சேர்த்து இன்னொரு தொகுதி என ஒப்பிட்டால் இத்தகைய தனியாண்டுகளின் ஆதிக்கம் குறையும்.

மழைக்கால இடைவெளியை ரேடார் நிரப்பும் என்றேன். அமைதியான நீர் ரேடார் அலையை வேறு திசையில் தெறிக்கச் செய்வதால் படத்தில் கருமையாகத் தெரியும். காற்றடித்து அலை எழும்போது அது வெளிறி, நிலம் போலத் தோன்றும். அலை அதிரும் திசையைப் பொறுத்து ரேடார் படம் விவி, விஎச் என இரு பட்டைகளாக வரும்; விவி பட்டையைக் காட்டிலும் விஎச் பட்டையில் இந்தக் குழப்பம் குறைவு. மறுபுறம், கோடையில் காய்ந்து தட்டையாகக் கிடக்கும் சேற்றுப் பரப்பும் நீரைப் போலவே கருமையாகத் தெரியும். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை ரேடாரையும், கோடையில் ஒளியியல் படங்களையும் நம்புவதே சரி. இரண்டும் தெளிவாகக் கிடைக்கும் ஜனவரி மாதத்தில் இரண்டின் முடிவையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முகத்துவாரம்

முகத்துவாரத்துக்கு மேற்சொன்ன சராசரிகள் எதுவும் வேண்டா. இங்கு ஒவ்வொரு படமும் தனித்தனிச் செய்தி. பழவேற்காட்டின் வாய்ப்பகுதியைச் சுற்றிச் சில கிலோமீட்டர் அளவுக்கு ஒரு சதுரம் வரைந்து, 2015-இலிருந்து மேகமற்ற சென்டினல்-2 படங்கள் அனைத்தையும் தேதி வரிசையில் பாருங்கள். கடலுக்கும் ஏரிக்கும் இடையே தொடர்ச்சியான நீர்ப்பிக்சல் பாதை உள்ளதா, உள்ளதெனில் அதன் மிகக் குறுகிய அகலம் எத்தனை மீட்டர், வாயின் நடுப்புள்ளி வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ நகர்ந்துள்ளதா என்ற மூன்றையும் ஓர் அட்டவணையில் பதியுங்கள். 10 மீட்டர் பிக்சலில் 20 மீட்டருக்குக் குறைந்த அகலத்தை நம்பகமாகச் சொல்ல முடியாது. அத்தகைய தேதிகளுக்கு "மூடியது அல்லது மிகக் குறுகியது" என்றே எழுதுங்கள். வாய் திறந்திருப்பதாகப் படத்தில் தெரிந்தாலும் அது படகு செல்லும் ஆழம் உடையது என்று பொருளல்ல. முழங்கால் ஆழ நீரும் படத்தில் நீர்தான்.

படங்கள் எப்போதும் காலை பத்தரை மணியை ஒட்டியே எடுக்கப்படுகின்றன. ஆனால் அந்த நேரத்தில் ஓதம் ஏறியிருக்கலாம், இறங்கியுமிருக்கலாம். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையிலிருந்து அந்த மணிக்குரிய அளவை ஒவ்வொரு தேதிக்கும் எதிரே குறித்து வையுங்கள். வங்கக் கடலின் இப்பகுதியில் ஓத வேறுபாடு மிகப் பெரிதாக இருக்கையில்கூட ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், தட்டையான மணல் திட்டின் வடிவத்தை மாற்ற அது போதும்.

இந்தக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன, வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திசை மாறுகிறது. சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதற்கும் வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதற்கும் காரணம் இதுவே. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் அலைதடுப்புச் சுவர்களுக்கு வடக்கே பழவேற்காடு அமைந்திருப்பதால், கடற்கரைக் கோட்டை அச்சுவர்களிலிருந்து முகத்துவாரம் வரை தொடர்ச்சியாக வரைந்து, துறைமுகங்கள் வருவதற்கு முந்தைய லேண்ட்சாட் 5 படங்களோடு ஒப்பிடுவது தவிர்க்கக்கூடாத வேலை. ஆண்டுக்கு ஒரே மாதத்துக் கோடுகளையே ஒப்பிட வேண்டும். மார்ச் மாதக் கரையையும் டிசம்பர் மாதக் கரையையும் ஒப்பிட்டால் பருவ மாற்றம்தான் கிடைக்கும்.

நீர் கூடியிருப்பதாகக் காட்டும் குளங்கள்

ஏரியைச் சுற்றிய நீர்ப்பரப்பு கூடியிருப்பதாகக் கணக்கு வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். இறால் பண்ணைகளும் உப்பளங்களும் குறியீட்டில் நீராகவே பதிவாகும். சேற்றுப்படுகையை வெட்டி வரப்பெடுத்துக் குளமாக்கினால், ஏரி அந்த இடத்தை இழக்கும். கணக்கிலோ நீர் கூடும். இவற்றைப் பிரிக்க வடிவம் உதவும்: நேர்க்கோட்டு வரப்புகள், செவ்வகங்கள், வரிசையான அமைப்பு. ரேடார் படத்தில் வரப்புகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் என்பதால் குளங்கள் இன்னும் தெளிவாகப் பிரியும். அறுவடைக்குப் பின் குளங்களை வடித்துவிடுவார்கள் என்பதால் ஒரே தேதிப் படத்தில் பாதிக் குளங்கள் வறண்டு கிடக்கலாம். ஆண்டு முழுவதற்குமான படங்களைப் பார்த்தே குறிக்க வேண்டும். கணினியை வகைப்படுத்தச் சொல்வதைவிட, கியூஜிஐஎஸ்-இல் உயர் நுணுக்கப் படத்தின் மீது கையால் வரைவது மெதுவானதாயினும் துல்லியமானது.

1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சிலிக்கா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1000 மீட்டருக்குள் இறால் குளங்கள் அமைக்கக்கூடாது என்று ஆணையிட்டது. ஏரி எல்லைக்கு வெளியே 1000 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வரைந்து, அதற்குள் 1996-க்கு முன்பும் பின்பும் இருந்த குளங்களின் பரப்பைக் கணக்கிடுவது எவராலும் செய்யக்கூடிய, பொதுமக்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு. ஏரி எல்லை எது என்பதே வாதத்துக்குரியது என்பதால், எந்த எல்லையைக் கொண்டீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

நீரின் நிறமும் நீருக்கு அடியில் இருப்பவையும்

கலங்கல் தன்மையைச் சிவப்புப் பட்டையைக் கொண்டும், பாசிப் பெருக்கத்தைச் சென்டினல்-2-இன் 4, 5 ஆம் பட்டைகளின் வேறுபாட்டைக் கொண்டும் மதிப்பிடும் முறைகள் உள்ளன. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரியில் இவற்றை நான் மிகுந்த தயக்கத்துடனேயே பரிந்துரைப்பேன். நீர் தெளிந்திருக்கும் நாள்களில் செயற்கைக்கோள் காண்பது நீரை ஊடுருவித் தெரியும் அடித்தரையையும் அங்குள்ள கடற்புல்லையும் சேர்த்துத்தான். கடற்புல் படுகை பாசிப் பெருக்கமாகக் கணக்கில் வந்துவிடும். வெள்ள நாள்களில் ஆரணி ஆற்றிலிருந்து வரும் செந்நீர் ஏரிக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது போன்ற ஒப்பீடுகள் பயனுடையவை. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று எண்ணால் சொல்ல வேண்டுமெனில் அதே நாளில் எடுத்த நீர் மாதிரி தேவை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் பரவிய காக்கா ஆழி என்னும் சிப்பியினம் அடித்தரையைக் கம்பளம் போல் மூடி இறாலுக்கு இடமில்லாமல் செய்கிறது. அதைப் படத்தில் தேட வேண்டா, படகில் சென்று மீனவர்களுடன்தான் காண வேண்டும்.

களத்தில் சரிபார்த்தல்

வரைபடம் உருவான பிறகு ஏரிக்குச் செல்வதைவிட, செயற்கைக்கோள் கடந்து செல்லும் நாளை முன்கூட்டியே அறிந்து அன்று செல்வது பலமடங்கு பயன் தரும். கைப்பேசியின் இடங்காட்டி சில மீட்டர் துல்லியம் தரும். 10 மீட்டர் பிக்சலுக்கு அது போதும். நீரின் விளிம்பை ஒட்டி நடந்து தடத்தைப் பதியுங்கள். நீர், ஈரப்படுகை, உலர் மணல், உப்புப் பூத்த தரை, புதர் ஆகிய ஒவ்வொன்றிலும் பல புள்ளிகளைக் குறித்து, நான்கு திசையிலும் ஒளிப்படம் எடுங்கள். புள்ளியைச் சுற்றி முப்பது மீட்டருக்காவது ஒரே வகைத் தரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிக்சல் எதைக் காட்டுகிறது என்று தெரியாது. விண்வெளி மையத்தின் பாதுகாப்புப் பகுதி அருகிலுள்ளதால் ட்ரோன் பறக்கவிட நினைக்காதீர்கள். பறவைகள் கூடியுள்ள படுகைகளுக்குள் இறங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

பிழையைச் சொல்லுதல்

ஒவ்வொரு பரப்பளவுக்கும் பிழை எல்லை உண்டு. கரைக்கோடு 100 கிலோமீட்டர் நீளம் என்று கொள்வோம். லேண்ட்சாட்டில் கோடு முழுவதும் அரைப் பிக்சல், அதாவது 15 மீட்டர் ஒரே பக்கமாக விலகினால் 1.5 சதுர கிலோமீட்டர் மாறிவிடும். கரையின் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்றால், நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் ஏறியதும் விளிம்பு 100 மீட்டர் நகரும். அதே கரை முழுவதற்கும் அது 10 சதுர கிலோமீட்டர். காற்றும் ஓதமும் மட்டுமே இவ்வளவு மாற்றத்தைச் செய்யக்கூடும் என்பதால், இதைவிடச் சிறிய வேறுபாட்டை இரண்டு படங்களைக் கொண்டு மாற்றம் என்று எழுதக்கூடாது. பல ஆண்டுகளில் ஒரே திசையில் தொடர்ந்து நகரும் சிறிய வேறுபாட்டை எழுதலாம்.

பயன்படுத்திய ஒவ்வொரு படத்தின் தேதி, செயற்கைக்கோள், குறியீடு, எல்லை மதிப்பு, ஓத அளவு, அதற்கு முந்தைய மாதத்தின் மழை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் வைத்து, வரைபடத்துடன் சேர்த்தே வெளியிடுங்கள். வேறொருவர் அதே படத்தை எடுத்து அதே முடிவை அடைய முடிய வேண்டும். வரைபடத்தில் ஊர்கள், துறைகள், பாடுகள் ஆகியவற்றை மீனவர்கள் அழைக்கும் பெயராலேயே தமிழில் எழுதி, வடகரை ஊர்களுக்குத் தெலுங்கிலும் ஒரு படி அமைத்து, கெட்டித் தாளில் அச்சிட்டு ஊர்ப் பஞ்சாயத்துகளில் கொடுங்கள். எந்தத் தேதியில் எங்கே கோடு தவறாக விழுந்திருக்கிறது என்று அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அந்தத் திருத்தங்களைக் குறித்துக்கொண்டு, உரிய தேதியின் படத்தை மீண்டும் திறந்து பார்த்து, அட்டவணையின் அடுத்த பதிப்பில் சேர்த்துவிட வேண்டும்.